160 கிராமை 206 ஆக்கிய குழாய்: மேசை மேல் ஓர் எஜெக்டர்

ஒரு சின்ன பித்தளை நாசில், அதாவது காற்றைப் பீய்ச்சும் துளைமுனை. 4 பார் அழுத்தத்தில் காற்றை விட்டால் தராசில் 160 கிராம் உந்துவிசை காட்டுகிறது. அதன் முன்னால், இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாயை வைத்தால் அதே தராசு 206 கிராம் காட்டுகிறது. கம்ப்ரசரிலிருந்து கூடுதலாக ஒரு பொட்டுக் காற்றும் செலவாகவில்லை. இதைத்தான் விமானத் துறையில் உந்துவிசை எஜெக்டர் என்கிறார்கள். படிக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. செய்து பார்த்தபோது முதல் இரண்டு வாரம் 160 கிராம் 155 ஆகக் குறைந்ததே தவிர ஏறவில்லை. அந்த இரண்டு வாரத்தில்தான் விஷயமே புரிந்தது என்பதால் தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன்.

கணக்கு முதலில். ஒரு கிலோ காற்றை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் தள்ளும் ஆற்றலைக் கொண்டு நான்கு கிலோ காற்றை 200 மீட்டர் வேகத்தில் தள்ளலாம். ஆற்றல் ஒன்றுதான், உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கியது) இரண்டு மடங்கு. ஆக, வேகமான மெல்லிய தாரை தன் ஆற்றலைச் சுற்றியுள்ள சும்மா நிற்கும் காற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தால் உந்துவிசை கூட வேண்டும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் நாசிலிலிருந்து வரும் தாரையும் சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டுதானே போகிறது? அப்போது ஏன் உந்துவிசை கூடுவதில்லை? ஏனென்றால் திறந்த வெளியில் கலக்கும்போது உந்தம் அப்படியே இருக்கிறது, ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஒருவர் கையிலிருந்த உந்தம் பலர் கைக்கு மாறுகிறது, மொத்தம் மாறுவதில்லை. கலப்பு மட்டும் போதாது என்றால் குழாய் எதைச் செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலேயே நான் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

நாசில் செய்தது எளிய வேலை. 6 மி.மீ. பித்தளைக் கம்பியில் 2 மி.மீ. துளை, உள்வாயைக் கூம்பாகச் சீவி வழவழப்பாக்கியது, அவ்வளவுதான். விரியும் பகுதி கிடையாது. அதனால் துளையின் வாயில் காற்று ஒலிவேகத்தைத் தாண்டாது. மேல்பக்க அழுத்தம் வெளி அழுத்தத்தைப் போல 1.89 மடங்கைத் தொட்டதுமே துளை அடைபட்டுவிடும், அதாவது 'சோக்' ஆகிவிடும். அதற்குமேல் அழுத்தத்தைக் கூட்டினால் அடர்த்தி கூடுவதால் நிறை ஓட்டம் ஏறும், வாயில் உள்ள வேகம் ஏறாது. மிச்ச விரிவு வெளியே வந்தபிறகு, அதிர்வலைகளோடு, அதாவது திடீர் அழுத்தத் தாவல்களோடு நடக்கும். இங்கே அழுத்தம் என்றால் சுழிய அழுத்தத்திலிருந்து எண்ணியது. மீட்டர் 4 பார் காட்டினால் கணக்கில் 5 பார். இதை மறந்து ஒரு மாலை முழுக்க என் கணக்கும் தராசும் சண்டை போட்டன.

2 மி.மீ. துளை, 5 பார், அறை வெப்பநிலை: நொடிக்குச் சுமார் 3.5 கிராம் காற்று. சாதாரண வெளிக்காற்றாகச் சொன்னால் நிமிடத்துக்கு 175 லிட்டர். என் கம்ப்ரசரால் அதைத் தொடர்ந்து தர முடியாது. தொட்டியை நிரப்பி, பதினைந்து நொடி ஓட்டி, அளவெடுத்து, மறுபடி நிரப்ப வேண்டும். துளையை 4 மி.மீ. ஆக்கலாம் என்று முதலில் ஓர் ஆசை இருந்தது. அப்போது ஓட்டம் நான்கு மடங்கு, தொட்டி கண்மூடித் திறப்பதற்குள் காலி. ஆசையை விட்டுவிட்டேன்.

நாசில் மேல்நோக்கிப் பார்க்கும்படி ஒரு சட்டத்தில் பொருத்தி, சட்டத்தைச் சமையல் தராசின்மேல் வைத்தேன். காற்று மேலே பீய்ச்சும், சட்டம் கீழே அழுந்தும், கிராம் கணக்கில் படிக்கலாம். முதல் ஓட்டத்தில் 121 கிராம் வந்தது. கணக்குப்படி 170ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்.

தவறு ஒன்றல்ல, இரண்டு. ரெகுலேட்டருக்கும் நாசிலுக்கும் நடுவே மூன்று மீட்டர் மெல்லிய குழாய், உள்விட்டம் 4 மி.மீ. அதற்குள் காற்று நொடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உராய்வில் மட்டும் ஒரு பார் காணாமல் போனது. ரெகுலேட்டர் மீட்டரில் 4, நாசில் வாசலில் 3. மீட்டரை நாசிலுக்கு ஒரு சாண் முன்னால் மாற்றிய பிறகுதான் உண்மையான எண் தெரிந்தது. இரண்டாவது தவறு இன்னும் தந்திரமானது. அழுத்தம் ஏறினால் குழாய் விறைக்கும், விறைத்தால் நேராக முயலும், அந்த முயற்சி சட்டத்தைத் தூக்கும் அல்லது அழுத்தும். நாசில் துளையை ஒரு திருகால் அடைத்துவிட்டு அழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். காற்றே ஓடவில்லை, தராசு 9 கிராம் குறைத்துக் காட்டுகிறது! இனி இப்படி உந்துவிசை அளக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். குழாயை இரண்டாகப் பிரித்து, இடமும் வலமுமாக எதிரெதிரே, உந்துவிசைத் திசைக்குக் குறுக்காகக் கொண்டுவந்தேன். பிழை ஒரு கிராமுக்குள் அடங்கியது. அதன்பிறகு வெறும் நாசில் ஒவ்வொரு முறையும் 159, 160, 161.

அடுத்து எஜெக்டர் குழாய். உள்விட்டம் 20 மி.மீ., சுவர் 2 மி.மீ., அக்ரிலிக். ஓரங்கள் அறுத்தபடியே, நேராக. அதை நாசிலுக்கு மேலே, தனியாக நின்ற ஒரு கவ்வியில் பிடித்து வைத்தேன். காற்றை விட்டேன். 155.

நாசிலைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன், 152. வெளியே இழுத்தேன், 158. குழாயை நீளமாக்கினேன், சுருக்கினேன். எது செய்தாலும் 160க்குக் கீழேதான். இப்படியே இரண்டு வாரம்.

கடைசியில் வழி காட்டியது ஒரு கைத்தவறு. நாசிலைப் படுக்கைவசமாக வைத்து வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தேன். கவ்விக்குப் பதிலாகக் குழாயை இரண்டு நூலில் தொங்கவிட்டிருந்தேன். காற்றைத் திறந்தால் தாரை குழாயை முன்னால் அடித்துக்கொண்டு போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், நானும் குழாயின் முன்பக்கத்தில் கையை வைத்துத் தயாராக இருந்தேன். குழாய் பின்னால் நகர்ந்தது. தாரைக்கு எதிராக, நாசிலை நோக்கி, மெதுவாக, இழுபட்டதுபோல. போய் நாசிலின் பிடியில் டக் என்று முட்டி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கூடுதல் உந்துவிசை நாசிலில் வருவதே இல்லை, குழாயில்தான் வருகிறது. நான் குழாயைத் தனிக் கவ்வியில் பிடித்து வைத்துவிட்டு நாசிலை மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்த லாபம் முழுவதும் கவ்வி வழியாக மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாசிலுக்குக் கிடைத்தது நஷ்டம் மட்டும். குழாய் வாயில் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைந்த அழுத்தம் நாசிலின் உடம்பைத் தாரைத் திசையில் கொஞ்சம் உறிஞ்சுகிறது. அந்த 5 கிராம் இழப்பு நியாயமானதுதான்.

குழாய் எதைச் செய்கிறது என்ற அந்தக் கேள்விக்கு இப்போது வரலாம். தாரை குழாய்க்குள் கலந்து உந்தத்தைப் பரப்பும்போது குழாயின் நெடுக அழுத்தம் ஏறுகிறது. வெளிவாயில் அழுத்தம் வெளிக்காற்றோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். ஆகவே உள்வாயில் அது வெளிக்காற்றைவிடக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் குறைவுதான் வெளிக்காற்றைக் கலப்பதற்கு முன்பே முடுக்கி உள்ளே இழுக்கிறது, உள்வாயின் உதட்டையும் முன்னோக்கி உறிஞ்சுகிறது. கலப்பு நடப்பது குழாயின் வயிற்றில், கூலி கிடைப்பது உதட்டில்.

நேராக அறுத்த குழாய்க்கு உதடு ஏது? 2 மி.மீ. சுவரின் விளிம்பு மட்டும். சட்டத்தோடு மூன்று மெல்லிய கால்களில் குழாயைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து எடை போட்டபோது 172 வந்தது. 12 கிராம் லாபம். விளிம்பில் சின்ன நூல் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். உள்ளே போக வேண்டிய நூல் வாயிலேயே சுழன்று பின்பக்கம் மடிந்தது. கூர்மையான மூலையில் காற்று திரும்ப முடியாமல் பிரிந்துவிடுகிறது. அதனால் திறந்திருக்கும் வாய் உண்மையில் இன்னும் சின்னதாகிவிடுகிறது.

அப்புறம் ஊமத்தம்பூபோல விரியும் வாய் ஒன்றை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். உதட்டின் வளைவு ஆரம் 10 மி.மீ. அச்சு வரிகளை உப்புத்தாளால் தேய்த்து, உள்வாய் குழாயோடு சேரும் இடத்தில் நகம்கூடத் தட்டாத அளவுக்குச் சமமாக்கினேன். அந்த இணைப்பில் கால் மில்லிமீட்டர் படி இருந்தபோது 5 கிராம் குறைந்தது. தேய்த்ததும் திரும்பக் கிடைத்தது. நூல்கள் இப்போது வரிசையாக உள்ளே படுத்தன. தராசு 206. நாசிலையும் குழாயையும் தனித்தனியாக அளந்தபோது நாசில் 155, குழாய் 51. கூட்டினால் சரியாக வருகிறது. இதைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

எவ்வளவு காற்று இழுக்கிறது என்பதற்கு இந்த வாயே ஓர் அளவுகோல். வாய் முடிந்து நேர்குழாய் தொடங்கும் இடத்தில் 1 மி.மீ. துளையிட்டு, யூ வடிவக் கண்ணாடிக் குழாயில் சாயத் தண்ணீர் விட்டு இணைத்தேன். மட்ட வேறுபாடு 239 மி.மீ. அதாவது நொடிக்கு 63 மீட்டர் வேகம், சுமார் 23 கிராம் காற்று. நாசில் கொடுப்பது 3.5 கிராம். ஆறரை மடங்கு காற்று சும்மா வந்து சேர்கிறது.

இதே துணிச்சலில் பிட்டோ குழாய் (ஓட்டத்தின் வேகத்தை அழுத்தமாகக் காட்டும் மெல்லிய குழாய்) ஒன்றையும் செய்தேன், 1 மி.மீ. ஊசியை வளைத்து. வெளிவாயில் நடுவிலிருந்து சுவர்வரை வேகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான். முதலில் கட்டையான குழாயில், 60 மி.மீ. நீளத்தில் தொடங்கியது என் தவறு. ஊசி நடுமையத்தைத் தொட்டதும் யூ குழாயிலிருந்த சிவப்புத் தண்ணீர் முழுவதும் எதிர்ப்பக்கமாகப் பீறிட்டு என் சட்டையிலும் நோட்டுப் புத்தகத்திலும் விழுந்தது. என் யூ குழாயின் உயரம் 600 மி.மீ. பிறகு அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றரை மீட்டர் தண்ணீர் உயர அழுத்தம். நடுவில் நொடிக்கு 158 மீட்டர் வேகத்தில் தாரை, சுவரோரத்தில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கலப்பு பாதியிலேயே நிற்கிறது என்பதைச் சட்டை வழியாகத் தெரிந்துகொண்டேன்.

அதனால் நீளத்தை மாற்றிப் பார்த்தேன். 60 மி.மீ. குழாய்க்கு 171 கிராம், 100க்கு 191, 160க்கு 206, 240க்கு 201. விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தில் உச்சம். அதற்குக் குறைந்தால் தாரை முழுசாகப் பகிராமலேயே வெளியே ஓடிவிடுகிறது. கூடினால் கலப்பில் இனி லாபமில்லை, சுவர் உராய்வு மட்டும் வட்டி வாங்குகிறது.

எட்டு மடங்கு நீளம் என்பது மேசையில் ஒன்றுமில்லை. விமான இறக்கைக்குள் வைக்க வேண்டுமென்றால் அது பெரிய தலைவலி. இங்கேதான் வாயு அமுங்கக்கூடியது என்பது கெடுதலாக வேலை செய்கிறது. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு மெதுவான ஓட்டங்கள் உரசினால் நடுவில் பெரிய சுழல்கள் புரண்டு சீக்கிரம் கலந்துவிடும். வேகவித்தியாசம் ஒலிவேகத்தோடு ஒப்பிடும் அளவுக்குப் போனால் அந்தச் சுழல்கள் சோம்பிவிடுகின்றன. ஒரு பக்கத்தில் ஏற்படும் அழுத்த மாற்றம் மறுபக்கத்துக்குத் தெரிவதற்குள் ஓட்டம் கடந்து போய்விடுகிறது. பாபமோஸ்கூ, ரோஷ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் இதை ஒரே எண்ணால் ஒழுங்குபடுத்திக் காட்டினார்கள். இரு ஓட்டங்களின் வேகவித்தியாசத்தை, இரண்டின் ஒலிவேகங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் அது. என் தாரை முழுசாக விரிந்தால் நொடிக்கு 470 மீட்டர், அதன் வெப்பநிலை 190 கெல்வின் அருகே, ஒலிவேகம் 276. வெளிக்காற்றுக்கு 347. கணக்குப் போட்டால் 0.65ஐ ஒட்டி வருகிறது. அந்த நிலையில் கலப்புப் படலம் தடிக்கும் வேகம், மெதுவான ஓட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

190 கெல்வின் என்றால் உறைநிலைக்குக் கீழே எண்பது டிகிரிக்கும் மேல். தொட்டியில் ஈரம் இருந்த நாட்களில் நாசில் வாயில் வெள்ளைப் புகை ஊசிபோல நிற்கும். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் அது குழாய்க்குள் எவ்வளவு தூரம் போய்க் கரைகிறது என்பது தெரியும். கலப்பை இலவசமாகக் காட்டும் காட்சி. ஆனால் அதே ஈரம் அளவீட்டைக் கெடுக்கும், அதனால் தொட்டியின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். காதடைப்பு போடாமல் இந்தத் தாரைக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. இவ்வளவு சின்னத் துளையில் அதிர்வலைகளால் எழும் விசில் நம் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் இருக்கும். கேட்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்ததிலும் அதே கதை. 1 பார் மீட்டர் அழுத்தத்தில் நாசில் 46, எஜெக்டர் 62. விகிதம் 1.35. 4 பாரில் 1.29. ஐந்தரையில் 1.25. குறைந்த அழுத்தத்தில் ஒரு கிராம் பிழையே இரண்டு சதவீதம் என்பதால் முதல் எண்ணை நான் முழுசாக நம்பவில்லை. ஆனால் போகும் திசை தெளிவு.

விகிதம் என்றதும் ஒரு நேர்மைப் பிரச்சினை. 206ஐ 160ஆல் வகுத்தால் 1.29. ஆனால் 160 என்பது என் குவியும் நாசிலின் குறையையும் சேர்த்த எண். அதே காற்று இழப்பில்லாமல் வெளி அழுத்தம்வரை விரிந்திருந்தால் 167 கிராம் கிடைத்திருக்கும். அதனால் வகுத்தால் 1.23. எஜெக்டர் அறிக்கைகளைப் படிக்கும்போது முதலில் எதால் வகுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மோசமான நாசிலை வைத்து ஒப்பிட்டால் எந்தக் குழாயும் அற்புதம் செய்யும். உராய்வே இல்லாத என் எளிய கணக்கு 1.65 தருகிறது. டிஃப்யூசர் (வெளிவாயில் மெல்ல விரியும் பகுதி) இல்லாத நேர்குழாய்க்கு, விட்டத்தை எவ்வளவு பெருக்கினாலும் நின்ற நிலையில் அந்தக் கணக்கின் உச்சவரம்பு 2. காற்றியக்கவியல் அறிஞர் ஃபான் கார்மன் 1949இலேயே இந்தப் பகுப்பாய்வைச் செய்துவிட்டார்.

தாளில் உள்ள எண்ணுக்கும் தராசில் உள்ள எண்ணுக்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தில் பெரிய விமானங்களே விழுந்திருக்கின்றன. 1960களில் லாக்ஹீட் எக்ஸ்வி-4 செங்குத்தாக எழும்ப எஜெக்டரை நம்பியது. கிடைத்த உந்துவிசை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ராக்வெல் எக்ஸ்எஃப்வி-12ஏ இறக்கையிலேயே எஜெக்டரை வைத்தது. 55 சதவீதம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். 1978இல் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்தபோது இறக்கையில் 19, மூக்குப் பக்கமுள்ள சிறிய முன்சிறகில் 6 சதவீதம். விமானம் தன் எடையைத் தானே தூக்க முடியவில்லை, திட்டம் 1981இல் கைவிடப்பட்டது. முதலில் படித்தபோது இவ்வளவு பெரிய பொறியாளர்களுக்கு எப்படி இப்படி ஆனது என்று நினைத்தேன். கால் மில்லிமீட்டர் படி ஐந்து கிராமைத் தின்றதைப் பார்த்தபிறகு அப்படி நினைப்பதில்லை.

முன்னோக்கிப் பறக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். இழுத்துக்கொள்ளும் 23 கிராம் காற்றும் எதிர்க்காற்றாக வருகிறது. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் அதன் இழுவை மட்டும் சுமார் 70 கிராம். வாயில் மோதும் அழுத்தம் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தாலும், என் 46 கிராம் லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். எழும்பவும் இறங்கவும் மட்டும் எஜெக்டரைப் பேசுகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

நீளத்துக்கு மருந்து தாரையைப் பிரிப்பது. ஒரு 2 மி.மீ. துளைக்குப் பதிலாக நான்கு 1 மி.மீ. துளைகள், மொத்தப் பரப்பு அதேதான். ஒவ்வொரு தாரையும் கலக்க வேண்டிய தூரம் குறையும், காற்றோடு உரசும் ஓரம் இரண்டு மடங்காகும். துளையிடும்போது இரண்டு டிரில் பிட் உடைந்தது. நான்கில் ஒரு துளை இம்மி சாய்ந்தும் விட்டது. நாசில் மட்டும் 153, சின்னத் துளைகளில் உராய்வு இழப்பு அதிகம். ஆனால் 100 மி.மீ. குழாயில் 203 கிராம் வந்தது. ஒற்றைத் துளைக்கு அதே குழாயில் 191. அந்தக் குழாயின் வெளிவாயில் ஏழு டிகிரி விரியும் ஒரு டிஃப்யூசரை ஒட்டினேன், 209. சாய்ந்த துளையின் பக்கம் மட்டும் டிஃப்யூசர் சுவரில் நூல் படபடக்கிறது, மற்ற மூன்று பக்கமும் அமைதியாகப் படுத்திருக்கிறது. புதுப் பித்தளைக் கம்பி அறுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை துளையிடும் தாங்கியை முதலில் செய்துவிட்டுத்தான் டிரில்லைத் தொடுவேன்.